பிரிக்கப் போன இடத்தில் பிறக்கும் பொருள்

மணல், உப்பு, இரும்பரத்தூள் மூன்றும் கலந்த ஒரு பிடியைக் கொடுத்துப் பிரிக்கச் சொன்னால், பல பிள்ளைகள் முதலில் செய்வது தண்ணீரை ஊற்றுவதுதான். உப்பைக் கரைத்து வெளியேற்றிவிட்டால் மிச்சத்தை ஆறுதலாகப் பார்க்கலாம் என்ற கணக்கு. ஒரு பாடவேளைக்குள் வேலை முடிந்தால் குறை தெரியாது. வெள்ளிக்கிழமை முகவையை மேசையில் விட்டுவிட்டுத் திங்கட்கிழமை வந்து பார்த்தால் மணல் செங்கபில நிறத்தில் கட்டிபட்டுக் கிடக்கும். வடித்து ஆவியாக்கிய உப்பிலும் மஞ்சள் ஏறியிருக்கும். அரத்தூளின் நிறையோ தொடங்கிய நிறையோடு ஒத்துவராது.

நடந்தது என்ன? இரும்பு, நீர், காற்றிலுள்ள ஒட்சிசன் மூன்றும் சேர்ந்து துரு ஆகிவிட்டன. உப்பு நீர் அதை விரைவுபடுத்தியது. பிரிக்கும் முறைகள் எல்லாம் பௌதிக மாற்றங்கள் என்று மனப்பாடம் செய்த வகுப்பிலேயே, பிரித்துக்கொண்டிருந்த முகவைக்குள் இரசாயன மாற்றம் ஒன்று நடந்து முடிந்துவிட்டது. முறையின் பெயரைப் பார்த்துப் பதில் எழுதும் பழக்கத்தில் உள்ள குறை இதுதான். வடித்தல், ஆவியாக்கல், பதங்கமாதல் (திண்மம் உருகாமல் நேரே ஆவியாதல்) என்ற பெயர்கள் கையால் செய்யும் வேலையைத்தான் சொல்கின்றன. பாத்திரத்துக்குள் எந்தப் பொருள் இருக்கிறது என்று அவை சொல்வதில்லை. ஒவ்வொரு படியிலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: முன்பு இல்லாத பொருள் ஏதாவது இப்போது உள்ளே இருக்கிறதா? இருந்தால் இரசாயன மாற்றம், இல்லாவிட்டால் பௌதிக மாற்றம்.

அந்தக் கலவையைச் சரியான ஒழுங்கில் பிரிப்பதற்கு: கழுவி உலர்த்திய ஆற்றுமணல் 10 கிராம், உப்பு 5 கிராம், அரத்தூள் 5 கிராம். எல்லாம் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். கலவையை ஒரு தாளில் மெல்லிதாகப் பரப்பி, காந்தத்தைச் சொப்பிங் பைத் துண்டில் சுற்றி மேலே மெதுவாக நகர்த்த வேண்டும். சுற்றாத காந்தத்தில் ஒட்டிய தூளைப் பிறகு நகத்தால் சுரண்டினாலும் முழுவதும் வராது. சுற்றியிருந்தால் வேறொரு தாளின் மேல் பிடித்துக்கொண்டு காந்தத்தைப் பைக்குள்ளிருந்து உருவினால் போதும், தூள் கொட்டிவிடும். ஒரு தடவையில் முடியாது. தாளைத் தட்டிக் கிளறி நான்கைந்து தடவை செய்ய வேண்டும். முதல் தடவை தூளோடு உப்பும் மணலும் ஒட்டிக்கொண்டு வரும்.

அரத்தூளை எங்கே எடுப்பது என்பதும் முக்கியம். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ வெல்டிங் பட்டறைக்குப் போனால் கிரைண்டருக்குக் கீழே கறுப்புத் தூள் குவிந்து கிடக்கும். காந்தத்திலும் ஒட்டும். ஆனால் கிரைண்டரில் பறக்கும் தீப்பொறி என்பது எரிகின்ற இரும்பு. அந்தத் தூளில் பெரும்பங்கு ஏற்கெனவே இரும்பு ஒட்சைட்டாகிவிட்டது. காந்தத்தால் பிரித்துக் காட்ட அது போதும். கந்தகத்தோடு சூடாக்கும் சோதனைக்கு உதவாது. அதற்குக் கை அரத்தால் அராவிய தூள்தான் வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சவர்க்கார நீரில் கழுவி, உடனே வெயிலில் உலர்த்தி, மூடியுள்ள போத்தலில் வைக்க வேண்டும்.

கந்தகச் சோதனையில் விகிதம் இரும்பு 7க்குக் கந்தகம் 4. 3.5 கிராமும் 2 கிராமும் எடுத்தால் ஒரு சோதனைக்குழாய்க்குப் போதும். சூடாக்குமுன் காந்தம் இரும்பை மட்டும் இழுத்தெடுக்கும். குழாயின் அடியைச் சூடாக்கிக் கலவை செந்தணலாகத் தொடங்கியதும் சுடரை எடுத்துவிட வேண்டும். தணல் தானாகவே மேலே ஏறும். வெளியிலிருந்து வெப்பம் கொடுக்காமலே தொடர்வதுதான் அங்கே புதுப்பொருள் உண்டாகிறது என்பதற்கு நல்ல சாட்சி. ஆறிய பிறகு கிடைப்பது சாம்பல்கறுப்பு இரும்பு சல்பைட்டு. “இனிக் காந்தம் இழுக்காது” என்று வகுப்பில் அடித்துச் சொல்லிவிட்டுச் செய்து காட்டினால் பெரும்பாலும் மானம் போகும். தாக்கம் முற்றுப்பெறாமல் மிஞ்சிய இரும்பு ஓரளவு இழுபடவே செய்யும். கலவையை நன்றாக அரைத்துச் சேர்த்திருந்தால் இழுவை குறையும். குழாய் வாயைக் கனிமப் பஞ்சால் அடைத்து வெளி விறாந்தையில் செய்வது நல்லது. எரிந்த கந்தகத்தின் புகை தொய்வு உள்ள பிள்ளைகளுக்கு ஆகாது.

மீண்டும் மணலுக்கும் உப்புக்கும் வருவோம். 100 மில்லிலீற்றர் தண்ணீரில் சாதாரண வெப்பநிலையில் ஏறக்குறைய 36 கிராம் உப்புக் கரையும். 5 கிராமுக்கு 25 மில்லிலீற்றர் தாராளம். தாராள மனத்தோடு 100 மில்லிலீற்றரை ஊற்றுகிறவர் அவ்வளவையும் பிறகு வற்றவைக்க வேண்டிவரும். வடித்த பின் மணலை 5 மில்லிலீற்றர் வீதம் இரண்டு தடவை கழுவி, கழுவிய நீரையும் வடிதிரவத்தோடு சேர்க்காவிட்டால் மணலின் ஈரத்திலேயே உப்பு நின்றுவிடும். ஆவியாக்கும்போது கடைசித் துளி வரை சுடர் கொடுக்கக்கூடாது. சேறுபோல ஆனதும் நிறுத்தி வெயிலில் வைக்க வேண்டும். தொடர்ந்து சூடாக்கினால் பளிங்குகளுக்குள் சிறைப்பட்ட நீர் ஆவியாகி வெடித்து, உப்பு படபடவென்று கிண்ணத்துக்கு வெளியே தெறிக்கும். 5 கிராம் போட்டவருக்கு 4 கிராம் கிடைப்பது இப்படித்தான். 5.6 கிராம் கிடைத்தால் இன்னும் ஈரம் காயவில்லை.

இதே வேலையை உப்புக்குப் பதில் சீனியை வைத்துச் செய்து பாருங்கள். கரையும், வடியும், மணல் பிரியும், அதுவரை ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆவியாக்கும் படியில்தான் எல்லாம் குழம்பும். நீர் குறையக் குறையப் பாகின் கொதிநிலை ஏறும். அப்படியே விட்டால் 160 பாகைக்கு மேல் நிறம் மாறி, மணம் மாறி, கசந்து, கடைசியில் கரியாகும். உப்புக்கு ஆவியாக்கல் பௌதிக மாற்றமாகவே முடிந்தது. சீனிக்கு அதே அடுப்பு, அதே கிண்ணம், அதே பெயர், ஆனால் முடிவில் கிண்ணத்தில் இருப்பது சீனியல்ல.

பனங்கட்டி காய்ச்சுகிறவர்களுக்கு இது புதிதல்ல, இந்தப் பெயர்களைச் சொல்லாமலே தெரிந்தது. கருப்பநீரில், அதாவது புளிக்காத இனிப்புப் பனஞ்சாற்றில், பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் சீனி இருக்கும். மிச்சம் பெரும்பாலும் நீர். ஆகவே பனங்கட்டி காய்ச்சுதல் என்பது அடிப்படையில் நீரைப் பிரிக்கும் வேலை. பத்து லீற்றரிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோ. ஆனால் அந்த வேலை சரியாக முடிவது மரத்தில் கட்டிய முட்டியிலேயே தீர்மானமாகிவிடுகிறது. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசாவிட்டால் மதுவம் (ஈஸ்ட்) என்ற நுண்ணுயிர்கள் சீனியைத் தின்று மதுசாரமும் காபனீரொட்சைட்டும் ஆக்கிவிடும், இறக்குவது கள்ளு. சுண்ணாம்பு பூசினாலும் அளவு குறைந்தால் நீர் மெல்லப் புளிக்கத் தொடங்கும். நாக்குக்குப் புளிப்புத் தெரியாத நிலையிலேயே கெடுதல் நடந்துவிடும். அமிலத்தன்மை உள்ள பாகைச் சூடாக்கும்போது சுக்குரோசு, குளுக்கோசு பிரற்றோசு என்று இரண்டாக உடைகிறது. அந்த இரண்டும் கலந்திருந்தால் பாகு பளிங்காகாது. எவ்வளவு காய்ச்சினாலும் பிசின் போல இழுபடும். குட்டான் என்ற ஓலைப்பெட்டியில் ஊற்றி வைத்தாலும் இறுகாது. இறுகினாலும் இரண்டு நாளில் கசிந்துவிடும்.

“பதம் தப்பிவிட்டது” என்று தாச்சியையும் விறகையும் குறை சொல்வார்கள். பதம் தப்பியது அடுப்பில் அல்ல. கண்ணுக்குத் தெரியாத இரசாயன மாற்றம் ஒன்று முன்பே நடந்து, பின்னால் வரும் பௌதிக மாற்றத்துக்குக் குறுக்கே நிற்கிறது. மறுபக்கம், சுண்ணாம்பு கூடினாலும் கட்டி கறுத்துக் காரத்தன்மை ஏறிவிடும். ஆகவே நீரை வடித்து, மிகையான சுண்ணாம்பை அடையவிட்டு, தெளிந்ததை மட்டும் காய்ச்சுகிறார்கள். பொசுபேற்றுச் சேர்த்து அந்தச் சுண்ணாம்பைக் கரையாத கல்சியம் பொசுபேற்றாக்கிப் படியவைக்கும் முறையும் உண்டு. கரைந்திருப்பதை வடிதாள் பிடிக்காது. இரசாயன மாற்றத்தால் கரையாததாக்கிய பின்தான் பிடிக்கும். இந்த உத்தி கிணற்றடியிலும் வரும்.

காய்ச்சும்போது எழும் மணமும் பொன்னிறமும் கூட இரசாயன மாற்றத்தின் விளைவுதான். நிறமில்லாத சீனியும் நீரும் மட்டும் பிரிந்திருந்தால் பனங்கட்டிக்கு அந்தச் சுவையே இருக்காது. பனங்கற்கண்டு வேறு கதை. செறிந்த பாகைச் சட்டியில் ஊற்றி, நூல் தொங்கவிட்டு, அசையாமல் வாரக்கணக்கில் வைத்தால் சுக்குரோசு மட்டும் பளிங்காகி நூலில் ஏறும். மற்றவை பாகில் நிற்கும். அது கலப்பில்லாத பௌதிகப் பிரிப்பு.

மீளக்கூடியது பௌதிகம், மீளாதது இரசாயனம் என்ற சூத்திரம் எப்படியோ பல கொப்பிகளில் ஏறிவிட்டது. அதை அழித்துவிடலாம். மாவிடித்த அரிசி மீண்டும் அரிசியாகாது. ஆனால் அது பௌதிக மாற்றம். நெல்லை அவிக்கும்போது அரிசிக்குள் உள்ள மாப்பொருள் மணிகள் நீர் குடித்து வீங்கி, ஒழுங்கு குலைந்து, ஆறியதும் கண்ணாடிபோல இறுகுகின்றன. வெயிலில் எத்தனை நாள் காயவைத்தாலும் அது திரும்பவும் பச்சையரிசியாகாது. ஆனாலும் மாப்பொருள் மாப்பொருளாகவே இருக்கிறது. மறுபுறம் மயில்துத்தத்தை, அதாவது நீர் சேர்ந்த செப்புச் சல்பேற்றை, சூடாக்கினால் நீலம் போய் வெள்ளையாகும். ஒரு துளி நீர் விட்டால் மறுபடி நீலமாகிச் சுடும். எவ்வளவு எளிதாக மீண்டாலும் அங்கே இருப்பவை இரண்டு வேறு பொருள்கள். களத்தில் தூற்றிச் சப்பியைப் பறக்கவிடுவதிலும் சுளகில் புடைத்துக் கல்லை ஒதுக்குவதிலும் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அவை நிறையையும் பருமனையும் வைத்து நடக்கும் பிரிப்புகள்.

பதங்கமாதல் என்ற பாடத்தில் வழக்கமாக வரும் உதாரணம் நவச்சாரமும் உப்பும். சூடாக்கினால் நவச்சாரம் வெண்புகையாக எழுந்து குளிர்ந்த புனலில் படியும், உப்பு அடியில் நிற்கும். பார்வைக்குக் கற்பூரம் செய்வதைத்தான் இதுவும் செய்கிறது. ஆனால் நவச்சாரம், அதாவது அமோனியம் குளோரைட்டு, சூட்டில் அமோனியாவாகவும் ஐதரசன் குளோரைட்டாகவும் பிரிந்து, மேலே குளிர்ந்த இடத்தில் மறுபடி சேர்கிறது. இதைக் காட்டிவிடவும் முடியும். குழாயின் நடுவில் கனிமப் பஞ்சை அடைத்து, வாயருகே ஈரமாக்கிய சிவப்பு, நீலப் பாசிச்சாயத் தாள்கள் இரண்டையும் வைத்து அடியைச் சூடாக்கினால், பாரம் குறைந்த அமோனியா பஞ்சைக் கடந்து முதலில் வந்து சிவப்புத் தாளை நீலமாக்கும். பின்னால் ஐதரசன் குளோரைட்டு வந்து நீலத்தைச் சிவப்பாக்கும். ஆகவே உப்பைப் பிரித்தெடுக்க இரண்டு இரசாயன மாற்றங்கள் போகவரத் துணை செய்திருக்கின்றன. பரீட்சையில் நவச்சாரத்தைப் பதங்கமாதலுக்கு உதாரணமாகக் கேட்டால் எழுதிவிடுங்கள். மனதுக்குள் மட்டும் வேறாக வைத்திருங்கள்.

கற்பூரத்தில் வேறொரு குழப்பம். கோயில் தட்டில் மீதியில்லாமல் போகிறதே, அது பதங்கமாதல்தானே என்று கேட்பார்கள். தட்டில் அது எரிகிறது. காபனீரொட்சைட்டும் நீராவியும் கரியுமாகப் போய்விடுகிறது, திரும்பக் கற்பூரம் வராது. மணலில் கலந்த கற்பூரத்தைக் கொதிநீர்ச் சட்டியின் மேல் வைத்த கிண்ணத்தில் போட்டு, பஞ்சடைத்த புனலைக் கவிழ்த்து, புனலை ஈரத்துணியால் குளிரவைத்தால் வெண்பளிங்குகள் உள்ளே படியும். நேரம் எடுக்கும். அவசரப்பட்டு நேரே சுடரைக் காட்டினால் ஆவி தீப்பிடிக்கும்.

இனித் தண்ணீர். இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் இந்தப் பாடத்துக்கு ஆய்வுகூடமே தேவையில்லை, கிணறு போதும். பல இடங்களில் அள்ளும்போது தண்ணீர் தெளிவாக இருக்கும். வாளியில் இரவு வைத்தால் மஞ்சளாகிக் கலங்கி, அடியில் செம்மண்போல ஒன்று படியும். அள்ளும்போது இரும்பு கரைந்த நிலையில் இருந்தது. காற்றுப் பட்டதும் ஒட்சியேறிக் கரையாத இரும்பு ஐதரொட்சைட்டாகிவிட்டது. மணல் வடிகட்டி செய்பவர்கள் வழக்கமாக விடும் தவறும் இங்கேதான். கிணற்று நீரை நேரே மணலில் ஊற்றினால் கரைந்த இரும்பு மணலைக் கடந்து போய், கீழே உள்ள சுத்தமான பானையில் வந்து மஞ்சளாகும். மேலே துளையிட்ட வாளி ஒன்றை வைத்து, இரண்டடி உயரத்திலிருந்து மழைபோல விழவிட்டு, சில மணி நேரம் அடையவிட்டு, அதன்பின் ஓரடிக்குக் குறையாத மணற்படையில் வடித்தால் நிற்கும். முதலில் இரசாயனம், பிறகு பௌதிகம். ஒழுங்கு மாறினால் இரண்டும் வீண்.

கேத்திலின் அடியில் படியும் வெண்காறையும் அப்படித்தான். தண்ணீரில் இருந்த சுண்ணாம்பு பிரிந்து வந்தது என்று சொல்வது பாதிதான் சரி. கரைந்திருந்தது கல்சியம் இருகாபனேற்று. கொதிக்கும்போது அது உடைந்து காபனீரொட்சைட்டு வெளியேற, கல்சியம் காபனேற்று படிகிறது. வெறும் பிரிப்பாக இருந்தால், படிந்ததை அதே தண்ணீரில் ஆறிய பின் கலக்கினால் திரும்பக் கரைய வேண்டும். கரையாது. கொதித்தாறிய தண்ணீரில் மிதக்கும் வெள்ளைச் சருகுகள் எவ்வளவு கலக்கினாலும் அப்படியே நிற்கும். கேத்திலைச் சுத்தம் செய்யத் தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ விட்டால் நுரைத்துக் கரைவதும் இன்னொரு இரசாயன மாற்றம்.

ஆனால் கொதிக்கவைத்தால் தண்ணீரில் உள்ள எல்லாம் படிந்துவிடும் என்று நினைப்பது ஆபத்து. புளோரைட்டு படியாது. நீர் மட்டும் ஆவியாகப் போவதால் அது செறியும். லீற்றருக்கு 1.2 மில்லிகிராம் புளோரைட்டு உள்ள ஒரு லீற்றர் நீரை 800 மில்லிலீற்றராகக் கொதிக்க விட்டால் 1.5 ஆகிவிடும், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மேல்வரம்பு அதுதான். கிருமிக்காகக் கொதிக்கவைப்பதானால், புளோரைட்டு செறியாதபடி மூடிக் கொதிக்கவைத்து உடனே இறக்குங்கள்; புளோரைட்டைக் குறைப்பதற்கு ஆர்.ஓ. (நீரை அழுத்தி மென்சவ்வினூடாகச் செலுத்தும் எதிர்ச் சவ்வூடுபரவல்) போன்ற வேறு முறை வேண்டும். ஆர்.ஓ. மென்சவ்வு புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை. உப்புகளை ஒரு பக்கம் ஒதுக்குகிறது, அவ்வளவுதான். ஆகவே கழிவுக்குழாயால் போகும் நீரில் அத்தனையும் முன்னிலும் செறிவாக இருக்கும். அதைக் கிணற்றடியில் விடுவது, தூற்றிய சப்பியைத் திரும்பவும் பொலியில் கொட்டுவதுபோல.

மழைக்குப் பின் கலங்கிய குளத்து நீரைத் தெளியவைக்கப் படிகாரம் போடுவதிலும் தேத்தாங்கொட்டை உரைப்பதிலும் கண்ணுக்குத் தெரிவது ஒன்றே. கலங்கல் திரண்டு அடையும். ஆனால் படிகாரம் நீரிலுள்ள இருகாபனேற்றோடு தாக்கம்புரிந்து அலுமினியம் ஐதரொட்சைட்டு என்ற பசைபோன்ற புதுப்பொருளை உண்டாக்குகிறது. மண் துகள்கள் அதில் சிக்கி இறங்குகின்றன. பத்து லீற்றருக்கு அரைக் கிராம் அளவு, ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கி, பத்து நிமிடம் மிக மெதுவாகக் கலக்கி, ஒரு மணி நேரம் தொடாமல் விட வேண்டும். கடைசிவரை வேகமாகக் கலக்கினால் திரண்டது உடைந்துபோகும். கூரையில் பிடித்த மழைநீரில் இருகாபனேற்று மிகக் குறைவு; அதில் படிகாரம் சரியாக வேலை செய்யாது, தண்ணீர் துவர்த்துப் புளிக்கும். தேத்தாங்கொட்டையிலும் முருங்கை விதையிலும் உள்ள பொருள்கள் துகள்களில் ஒட்டி அவற்றைச் சேர்த்துக்கட்டுகின்றன. புதுச் சேர்வை தேவைப்படுவதில்லை. இரண்டிலும் தெளிந்தது குடிக்கத்தக்கது என்று பொருளல்ல. கிருமியைப் பற்றி இவை பொறுப்பெடுக்காது.

வன்னியின் வாசலில் இருக்கும் ஆனையிறவு உப்பளம் இதே பாடத்தைப் பெரிய அளவில் நடத்துகிறது. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள். அதில் 27 கிராம் அளவுதான் நாம் சாப்பிடும் உப்பு. வெயிலில் நீர் வற்றும்போது எல்லாம் ஒன்றாக விழுவதில்லை. உப்புநீரின் செறிவைக் காட்டும் போமே அளவில் சொன்னால், முதலில் கல்சியம் காபனேற்று, 13 பாகையளவில் ஜிப்சம் (கல்சியம் சல்பேற்று), 25 பாகையைத் தாண்டும்போது, நீர் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிய பின், சோடியம் குளோரைட்டு. பாத்திகளை மாற்றி மாற்றி நீரை நகர்த்துவது இதற்காகத்தான். ஜிப்சம் விழ வேண்டிய பாத்தியில் விழட்டும், உப்பு வேறு பாத்தியில் விழட்டும். 29, 30 பாகையில் மிச்ச நீரைத் திறந்துவிட வேண்டும். பேராசைப்பட்டுக் கடைசிவரை வற்றவிட்டால் மகனீசிய உப்புகளும் சேர்ந்து விழும். அந்த உப்புக் கசக்கும். காற்றில் ஈரத்தை இழுத்துச் சாக்கோடு நனையும். முதலில் விழும் கல்சியம் காபனேற்று மட்டும் கேத்திலில் நடந்த அதே இரசாயன மாற்றத்தால் வருவது. உப்பு விழும் பாத்தியில் நடப்பது பளிங்காக்கல்.

கடைசியாக மணல். முல்லைத்தீவுக் கரையில் கிடைக்கும் மணலை வகுப்புக்கு அள்ளிக்கொண்டு போகிறவர்களுக்கு இரண்டு தொல்லைகள் காத்திருக்கின்றன. அங்கே, அதிலும் கொக்கிளாய், புல்மோட்டைப் பக்கம், கருமணல் கலந்திருக்கும். அதிலுள்ள இல்மனைற்று என்ற கனிமத்தைச் சாதாரண காந்தம் சரியாகத் தூக்காது. புல்மோட்டைத் தொழிற்சாலையில் அதைப் பிரிக்க வலிய காந்தங்கள் இருக்கின்றன. கைக்காந்தத்தில் ஒட்டி வருவது கூடவே இருக்கும் மக்னற்றைற்று என்ற இரும்புக் கனிமம். அரத்தூள் 5 கிராம் போட்டுக் காந்தத்தால் 5.4 கிராம் எடுத்தவர் தராசைக் குறை சொல்லத் தேவையில்லை. மற்றது சிப்பித் துகள்கள். அமிலம் பட்டால் நுரைத்துக் காபனீரொட்சைட்டாகப் போய்விடும். அரத்தூளை அமிலத்தால் கரைத்துக் காட்டும் சோதனையில் எந்த வாயு எதிலிருந்து வருகிறது என்றே தெரியாது. மணலை மூன்று தடவை நன்னீரில் கழுவி உலர்த்தி, ஒரு சிட்டிகையில் இரண்டு துளி வினாகிரி விட்டுப் பாருங்கள், பிறகு வெறும் காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள். நுரைத்தாலோ கறுப்பு ஒட்டினாலோ அதை முற்றத்தில் கொட்டிவிட்டு ஆற்றுமணலைத் தேடுவது நல்லது.